வாதம் என்று நான் சொன்னதும், பந்து என்று உனக்கு எழுதியதும்

அன்பு மகனுக்கு,

நலம் விசாரித்துத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். உன் முட்டி நலமில்லை, என் தோள் நலமில்லை. இரண்டும் நம் இருவருக்கும் தெரிந்ததே என்பதால் அதை விட்டுவிடுகிறேன். போனில் நான் வாயைத் திறந்ததும் "சரிம்மா, சரிம்மா" என்று இரண்டு சரி போட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். கடிதத்துக்கு நடுவில் உன்னால் சரி போட முடியாது. அதனால்தான் மதியச் சோற்றை வடித்து வைத்துவிட்டு, உன் பழைய கணக்கு நோட்டோடு வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டு ஜெனி பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பிவிடுவாள். உன்னோடு அறையில் தங்கியிருக்கும் பையன்களுக்கும் வாசித்துக் காட்டு. அவர்களும் கம்பி தூக்குகிறவர்கள்தானே, அவர்களுக்கும் முட்டி இருக்கிறது.

புதன்கிழமை நீ போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. லாரியிலிருந்து இரும்புக் கம்பி இறக்கும்போது பலகை சறுக்கி, நீ கம்பிக் கட்டோடு விழுந்து, வலது முட்டியின் ஜவ்வு கிழிந்து ஏழு வாரமாகிறது. இன்னும் ஒரு மாடிப்படி ஏற உனக்குச் சுவர் வேண்டியிருக்கிறது. அப்படியிருக்க நீ உற்சாகமாகச் சொல்கிறாய்: "திங்கக்கெழம பேசி முடிக்கப் போறோம்மா. ஒரே ஒரு பேப்பர்ல கையெழுத்து. மொத்தமா ஒரு தொகை தாராங்க. கால் சரியானதும் கேட்ல உக்காந்து லாரி நம்பர் எழுதுற வேல தாரேன்னு காண்ட்ராக்டர் சொல்லியிருக்காரு." பேப்பரில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். நீ சிரித்தாய். "நீ கம்பெனியில பேசி முடிச்ச மாதிரிதாம்மா. சண்டையில்ல, கோர்ட்டுல்ல. நல்லபடியா முடிச்சேல்ல, அதே மாதிரிதான்."

அந்த வார்த்தைதான் என்னை இந்தப் படியில் உட்கார வைத்திருக்கிறது. நான் நல்லபடியாக முடிக்கவில்லை, ஐயா. இரண்டரை வருஷமாக உன்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பொய்யைப் பார்த்துத்தான் நீ இப்போது காப்பியடிக்கப் போகிறாய். பள்ளிக்கூடத்திலும் நீ தப்பான பையனைப் பார்த்துத்தான் காப்பியடிப்பாய். இந்தத் தடவை அந்தத் தப்பான ஆள் உன் அம்மா. திங்கட்கிழமை நீ அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடக் கூடாது. ஏன் என்று சொல்லத்தான் மிச்சக் கடிதம்.

வாதம் என்ற வார்த்தையிலிருந்து தொடங்குகிறேன். உனக்கு நினைவிருக்கும், நம் மூணாறு எஸ்டேட்டின் லயத்து வரிசை வீடுகளில் எந்தப் பெண்ணுக்கு எந்த மூட்டு வலித்தாலும் அதற்கு ஒரே பெயர்தான். தோள் வலித்தால் வாதம், மணிக்கட்டு வீங்கினால் வாதம், முட்டி மடங்காவிட்டால் குளிர் வாதம். தேயிலையைக் கையால் கிள்ளிய காலம் போய், பெட்டி பொருத்திய கத்தரியை இரண்டு கையாலும் பிடித்து நாள் முழுக்க வெட்டும் காலம் வந்த பிறகு, எங்கள் வரிசையில் தோள் வலிக்காத ஒருத்தியும் கிடையாது. ஆனால் கத்தரியால் வலிக்கிறது என்று ஒருத்தியும் சொல்ல மாட்டோம். சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? "அப்ப உனக்கு வெட்டு வேண்டாம், களை பறிக்கப் போ" என்பார் சூப்பர்வைசர். களை பறித்தால் கூடுதல் கிலோவுக்கான காசு வராது. வாதம் என்று சொல்லிவிட்டால் யாருக்கும் கோபம் இல்லை. மூடுபனிமேல் பழி, ஈரம் கசியும் வீட்டின்மேல் பழி, அவரவர் உடம்பின்மேல் பழி. நான்கு மாத்திரையும் ஒரு தைலமும் கையில் வாங்கிக்கொண்டு மறுநாள் வரிசையில் நிற்கலாம். நாங்கள் ரொம்பக் கெட்டிக்காரிகள் என்று எங்களுக்குள் ஒரு நினைப்பு.

டிஸ்பென்சரியில் இருந்த கம்பவுண்டருக்கும் அந்த வார்த்தை வசதி. மலையாளத்திலும் அது வாதம்தானே, அவர் யோசிக்கவே வேண்டியதில்லை. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "எந்தா சேச்சி, வாதமா?" என்பார். "ஆமா சார், வாதந்தான்" என்பேன். அவர் பெரிய நோட்டில் தேதி போட்டு, என் பெயர் போட்டு, அதை எழுதுவார். பதினோரு வருஷம் அப்படி எழுதினார். ஒவ்வொரு தடவையும் என் வாயால் சொன்னதைத்தான் எழுதினார், அவர்மேல் நான் பழி சொல்ல முடியாது.

இனி விழுந்த நாளைச் சொல்கிறேன். இதை உனக்கு நான் சொன்னதே இல்லை. ஆடி மழை. மேட்டுத் தேயிலைக் காட்டில் வெட்டிவிட்டு, இலை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நிறுக்கும் இடத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். ஈர இலை எவ்வளவு கனக்கும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஓடைக்கு மேலே அந்தச் சரிவில் கால் வழுக்கியது. மூட்டை ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். கீழே உருளாமல் இருக்க வலது கையால் ஒரு தேயிலைச் செடியை எட்டிப் பிடித்தேன். என் முழுப் பாரமும் அந்தத் தோளில் தொங்கியது. உள்ளே ஏதோ துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். பின்னால் வந்த மேரி அக்கா, நம் ஜெனியின் அம்மா, என்னைத் தூக்கி உட்கார வைத்தாள். "ஏட்டி, கையத் தூக்கு பாப்போம்" என்றாள். தூக்க முடியவில்லை. அப்போது எனக்கு வந்த முதல் எண்ணம் என்ன தெரியுமா? வலி இல்லை. இத்தனை பேர் முன்னால் மாடு மாதிரி விழுந்துவிட்டோமே என்ற வெட்கம். நான் அந்த வரிசையிலேயே வேகமாக வெட்டுகிறவள் என்று பேர் வாங்கியவள் அல்லவா.

சூப்பர்வைசரே ஜீப்பில் ஏற்றி டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனார். பக்கத்திலேயே நின்றார். கம்பவுண்டர் நோட்டைத் திறந்துகொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் கேட்டார்: "வாதம் கூடிப்போச்சா சேச்சி?" நான் சூப்பர்வைசரைப் பார்த்தேன். விழுந்தேன் என்று சொன்னால் எப்படி விழுந்தாய், எங்கே விழுந்தாய், யார் அந்தப் பாதையில் போகச் சொன்னார்கள் என்று கேள்வி வரும். பதினோரு வருஷப் பழக்கம் என் நாக்கில் உட்கார்ந்திருந்தது. "ஆமா சார், கூடிப்போச்சு" என்றேன். மகனே, என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் எது என்று யாராவது கேட்டால், இந்த மூன்று வார்த்தையைத்தான் சொல்வேன். உன் அப்பாவைக் கட்டிக்கொண்டதைக்கூட அதற்கு அடுத்த இடத்தில்தான் வைப்பேன்.

ஆறு மாதம் தைலம் தேய்த்தேன். தலை பின்ன முடியவில்லை, ரவிக்கை மாட்ட முடியவில்லை. அதன் பிறகுதான் உடுமலையில் ஓர் எலும்பு டாக்டரிடம் போனேன். மறையூர் வழியாகப் பஸ் பிடித்து, நீ வேலை தேடி ஊர் ஊராக அலைந்த நாட்களில், தனியாகத்தான் போனேன். அவர் என் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எப்பங்க விழுந்தீங்க?" என்று கேட்டார். எனக்கு வலி இருக்கிறதா என்று கேட்கவில்லை, வாதமா என்று கேட்கவில்லை. எப்போது விழுந்தீர்கள் என்று கேட்டார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். தோளின் தசைநார் அறுந்து பல மாதமாகிவிட்டது, விழுந்த உடனே வந்திருந்தால் தைத்திருக்கலாம் என்றார். நோய் வேறு, அடி வேறு என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. இரண்டும் ஒரே மாதிரிதான் வலிக்கும், ஆனால் இரண்டுக்கும் பொறுப்பு வேறு வேறு ஆளுடையது.

அந்த டாக்டரின் சீட்டை எடுத்துக்கொண்டு எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்தவர் மரியாதைக் குறைவாக ஒன்றும் பேசவில்லை. நாற்காலி போட்டார், காப்பி கொடுத்தார். டிஸ்பென்சரி நோட்டை வரவழைத்து, பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். வாதம், வாதம், வாதம். விழுந்ததாகச் சொல்லும் நாளிலும் வாதம். "நீங்களே சொன்னதுதானே அம்மா?" என்றார். பிறகு, கம்பெனி உங்களைக் கைவிடாது, பேசி முடித்துக்கொள்ளலாம், மகனுக்குத் தேயிலைப் பாக்டரியில் ஒரு வேலைக்கும் ஏற்பாடு செய்கிறோம் என்று சொல்லி ஒரு பேப்பரை முன்னால் வைத்தார். முழுக்க மலையாளம். எனக்குப் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. நான் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். நான் கைநாட்டு வைக்க அவர் மைப்பெட்டியை எடுக்கப் போனார். அங்கேதான் உன் அம்மாவுக்குத் திமிர் வந்தது. "எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் சார்" என்றேன்.

அவர் ஆச்சரியமாகப் பார்த்துப் பேனாவைக் கொடுத்தார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. கையெழுத்துப் போடத் தெரியும் என்று அவ்வளவு பெருமையாகச் சொன்ன பிறகு, "ஆனா இத வாசிக்கத் தெரியாது, வாசிச்சுச் சொல்லுங்க" என்று எப்படிக் கேட்பது? வலது கையை இடது கையால் தூக்கி மேசைமேல் வைத்து, முத்து முத்தாகத் தமிழில் என் பெயரை எழுதினேன். கட்டைவிரல் வைத்திருந்தால்கூட யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டிருப்பேன். எழுதத் தெரிந்த பெருமைதான் என்னைக் குழியில் தள்ளியது.

வீட்டுக்கு வந்து என்ன செய்தேன் என்று உனக்கு நினைவிருக்கும். மறையூர் வெல்லம் வாங்கி, லயம் முழுக்கப் பாயசம் ஊற்றினேன். உனக்கு அந்தப் போனை வாங்கித் தந்தேன், இப்போது இதை நீ வாசித்துக்கொண்டிருக்கும் அதே போன். "எல்லாம் நல்லபடியா பேசி முடிச்சாச்சு" என்று வாசலில் நின்று எல்லோருக்கும் சொன்னேன். அப்போது எனக்கே அது பொய் என்று தெரியாது. மறுவாரம், ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்த ஜெனியிடம் ஆபீசில் எனக்குத் தந்த அந்தப் பேப்பரின் நகலைக் கொடுத்து, அதில் ஏதோ தேதி பார்க்கச் சொன்னேன். அவள் முழுவதும் வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "அத்த, வாதரோகம் காரணம் ஜோலி செய்யான் கழியாத்ததினால் ஸ்வந்தம் இஷ்டப்பிரகாரம் பிரிஞ்ஞு போகுன்னுன்னு இருக்கு" என்றாள். வாத நோயால் வேலை செய்ய முடியாமல், என் சொந்த இஷ்டப்படி நானே விலகுகிறேனாம். "இதுல நஷ்டபரிஹாரம்னே இல்ல அத்த. சகாயதனம்னுதான் இருக்கு." நஷ்ட ஈடு இல்லை, உதவிப் பணம். நான் விழுந்ததற்கு எனக்கு உரிமைப்பட்டதை வாங்கவில்லை. இல்லாதவளுக்குக் கொடுக்கிற உதவியை வாங்கி, இனி எதையும் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். உனக்குப் பாக்டரியில் வேலை என்று வாயால் சொன்னார்களே, அதைப் பற்றி அந்தப் பேப்பரில் ஒரு எழுத்துகூட இல்லை. நீ பாலக்காட்டுப் பக்கம் வாளையாருக்குப் போய்க் கம்பி தூக்கியது அதனால்தான். "எஸ்டேட்டு வேல வேண்டாம், நீ வெளிய போயிப் பொழச்சுக்கோ" என்று நான் பெரிய மனுஷி மாதிரி உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது என் தோல்வியை மூடி வைக்க நான் போட்ட துணி.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். பாயசம் ஊற்றியாகிவிட்டதே, ஐயா. குடித்தவர்கள் எல்லோரும் வாழ்த்திவிட்டுப் போயாகிவிட்டதே. அவ்வளவுதான் காரணம். வேறு உயர்ந்த காரணம் ஒன்றும் இல்லை.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். நீ விழுந்த அன்று உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன சூப்பர்வைசரைப் பற்றி நீ எவ்வளவு பாசமாகச் சொன்னாய். சொந்தக் காசில் ஆட்டோ பிடித்தாராம், இளநீர் வாங்கித் தந்தாராம். டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்டதும் நீ வாய் திறப்பதற்குள் அவரே சொன்னாராம்: "பையன் மூணாத்துக்காரனுங்க, பெரிய பந்தாட்டக்காரன். ஞாயித்துக்கெழம கிரவுண்டுல பந்து வெளையாடி உழுந்துட்டானுங்க." நீ அதை எனக்கு ஒரு வேடிக்கையாகச் சொன்னாய். "புட்பால்னு எழுதிட்டாங்கம்மா, எம் பேரு வாளையார் வரைக்கும் பரவியிருக்கு பாத்தியா" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். அன்றைக்கு மத்தியானம் அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. திடீரென்று எனக்கு உறைத்தது. எனக்கு வாதம் என்று எழுதினார்கள், என் பிள்ளைக்குப் பந்து என்று எழுதிவிட்டார்கள். அடுப்பை அணைத்துவிட்டு உனக்குப் போன் போட்டேன். நீ இரண்டு சரி போட்டாய்.

நம் எஸ்டேட் மைதானத்தில் நீ பந்து விளையாடியபோது மழையில் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தவள் நான். உன் காலில் பந்து இருந்தால், அடுத்த டிவிஷன் ஆட்கள்கூட வாயை மூடிக்கொண்டு பார்ப்பார்கள். உலகத்தில் நான் பெருமைப்பட்ட விஷயங்கள் இரண்டு. ஒன்று என் கையெழுத்து, இன்னொன்று உன் பந்து. இரண்டையும் எடுத்து நமக்கு எதிராகவே வைத்திருக்கிறார்கள் பார். எது நமக்குப் பெருமையோ அந்த இடத்தில் நாம் கேள்வி கேட்க மாட்டோம் என்று அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

போன மாதம் நான் ஒரு காரியம் செய்தேன். அதையும் உன்னிடம் சொல்லவில்லை. இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனேன். ஜெனிதான் கூட்டிப்போனாள். அங்கே ஒரு வக்கீல் பெண், உன் வயதுதான் இருக்கும். என் பேப்பரையும் டாக்டர் சீட்டையும் டிஸ்பென்சரியில் கேட்டு வாங்கிய நோட்டின் நகலையும் மேசையில் பரப்பி வைத்து முக்கால் மணி நேரம் பார்த்தாள். "அம்மா, இந்த வாதத்தை வச்சுத்தான் நம்ம வாதமே தொடங்கணும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு பொறுமையாகச் சொன்னாள். வேலையில் அடிபட்டவர் முதலாளியோடு ஒரு தொகைக்குப் பேசி முடிக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் அந்த ஒப்பந்தத்தை அதற்கென்று இருக்கிற அதிகாரி முன்னால் வைத்துப் பதிவு செய்ய வேண்டும். தொகை குறைவு, ஏமாற்றி வாங்கிய கையெழுத்து என்று தெரிந்தால் பதிவு செய்ய மாட்டேன் என்று சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு. ஆபீஸ் அறையில் காப்பி கொடுத்து வாங்கிய பேப்பர் கதவை முழுக்கச் சாத்திவிடாது என்றாள். எனக்குக் கெட்ட செய்தி, மனு கொடுக்க வேண்டிய இரண்டு வருஷக் கெடு தாண்டிவிட்டது. தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஏற்றுக்கொள்ளவும் கூடும், தள்ளிவிடவும் கூடும். "முயற்சி பண்ணுவோமா?" என்றாள். "பண்ணுவோம்" என்றேன். மனு கொடுத்தாயிற்று. நான் விழுந்ததைப் பார்த்தேன் என்று சொல்ல மேரி அக்கா வருகிறாள். "நான் கண்ணால பாத்தத சொல்ல எனக்கென்னட்டி பயம்" என்றாள்.

எனக்குக் கிடைக்குமா என்று தெரியாது. கிடைக்காமல் போனாலும், வாதம் என்று எழுதிய நோட்டுக்கு எதிரே, விழுந்தாள் என்று ஒரு காகிதம் இந்த உலகத்தில் இருக்க வேண்டும். அது என் பிடிவாதம். ஆனால் உனக்கு ஏழு வாரம்தான் ஆகிறது. உன் கதவு முழுக்கத் திறந்திருக்கிறது, அதை நீயே போய்ச் சாத்த நான் விட மாட்டேன்.

உன் அப்பாவிடம் நேற்றுத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். பாக்டரியிலிருந்து வந்து குளித்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குத் தெரியும்" என்றார். பாக்டரியில் இருபது வருஷமாக மலையாள போர்டுகளைப் பார்த்துப் பார்த்து எழுத்துக்கூட்டி வாசிப்பாராம். அந்தப் பேப்பரை அன்றைக்கே வாசித்திருக்கிறார். "பின்ன ஏன் சொல்லல?" என்று கத்தினேன். "நீ எடக்கையால பாயசம் கிண்டிக்கிட்டு இருந்த. அந்நேரம் எப்பிடிச் சொல்லச் சொல்லுத?" என்றார். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டரை வருஷம் ஒரே வீட்டில், ஒரே பொய்யை, ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறோம். ஒருவரை ஒருவர் நோகடிக்கக் கூடாது என்று நாம் காக்கும் மௌனத்தால்தான் மற்றவர்களுக்கு நம்மை ஏமாற்றுவது சுலபமாகிறது. நீ கல்யாணம் கட்டினால் உன் பெண்டாட்டியிடம் எந்தப் பேப்பரையும் மறைக்காதே. அவளும் மறைக்க வேண்டாம்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். சூப்பர்வைசர் நல்லவர்மா என்பாய். நல்லவராகவே இருக்கட்டும். எனக்குக் காப்பி கொடுத்தவரும் நல்லவர்தான், இன்றைக்கும் வழியில் பார்த்தால் நலம் விசாரிக்கிறார். இளநீருக்கு நன்றி சொல், ஆட்டோக் காசைத் திருப்பிக் கொடு, முட்டியை மட்டும் கொடுக்காதே. கேட்டில் உட்காரும் வேலை போய்விடும் என்பாய். அந்த வேலை பேப்பரில் இருக்கிறதா என்று பார். இல்லை என்றால் அது போவதற்கு இன்னும் வரவே இல்லை. பிரச்சினை பண்ணுகிறவன் என்று பேர் வந்துவிடும் என்பாய். வரட்டும். அமைதியானவன் என்று பேர் வாங்கி நான் என்ன கண்டேன்? இன்றைக்கும் என்னால் மேல் தட்டிலிருந்து உப்பு டப்பாவை எடுக்க முடியவில்லை. உனக்கு இருபத்தாறு வயது. அந்த முட்டியை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை வருஷம் நீ நடக்க வேண்டும் என்று நான் யோசிக்கிறேன், நீ யோசிக்க மாட்டேன் என்கிறாய்.

சனிக்கிழமையே அந்த ஆஸ்பத்திரிக்குப் போ. அந்த டாக்டர் முன்னால் உட்கார்ந்து, யாரையும் கூட நிற்க விடாமல், நீயே உன் வாயால் சொல்: "நான் பந்து வெளையாடி விழல சார். லாரியில கம்பி எறக்கும்போது பலக சறுக்கி விழுந்தேன்." இந்த இரண்டு வாக்கியத்தையும் இப்போதே வாய்விட்டுச் சொல்லிப் பார். கூச்சமாக இருக்கும், சத்தமாகச் சொல். முதலில் எழுதியதை அவர் அடிக்க மாட்டார், ஆனால் நீ சொல்வதை இன்னொரு சீட்டில் எழுதத்தான் வேண்டும், எழுதும்வரை எழுந்து வராதே. அன்றைக்கு லாரிமேல் உன்னோடு நின்ற இரண்டு பையன்களும் இந்தக் கடிதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால், தம்பிகளா, நீங்கள் பார்த்ததை மறந்துவிடாதீர்கள். நாளைக்கு உங்கள் காலுக்கு அவன் வந்து சாட்சி சொல்வான்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன். மறையூர் இறங்கி, உடுமலை, பொள்ளாச்சி, பாலக்காடு, அங்கிருந்து வாளையார். அப்பாவும் வருகிறார், லீவு சொல்லியாகிவிட்டது. வக்கீல் பெண் பாலக்காட்டில் தனக்குத் தெரிந்த ஒருவரின் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஜெனியையும் கூட்டி வருகிறேன், அவள் வாசிப்பாள். திங்கட்கிழமை அந்த மேசைக்கு நான்கு பேராகப் போவோம். பேப்பரை நீட்டட்டும். முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை ஜெனி வாசிக்கட்டும். பேசி முடிக்கத்தான் வேண்டும் என்றால் பாலக்காட்டில் அதிகாரி முன்னால் பேசி முடிப்போம் என்று சொல்லிவிட்டு எழுந்து வருவோம். அவர்கள் காப்பி கொடுத்தால் குடிப்போம், அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை.

அவர்கள் என்னைப் பார்த்து, அம்மாவுக்கு உடம்புக்கு என்ன என்று கேட்டாலும் கேட்பார்கள். வாதம் என்று என் வாயிலிருந்து இனி வராது. விழுந்தேன் என்று சொல்வேன்.

இந்தக் கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை ஒரு தடவை நானே வாசித்துவிட்டேன். இப்போது கையெழுத்துப் போடுகிறேன்.

உன் அம்மா